இருபத்தொன்றாம் நம்பர் குடை

ஆரின் ஹாக்ஸ்ரூட்டைப் பற்றிக் கேட்டால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் "நல்ல மனுஷர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நல்ல மனுஷராம்! பதினோரு வருஷம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். அந்த நல்லதனத்தைப் பார்த்து எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால் சொல்ல மாட்டார். பின்னால் வந்தவன் காரை இடித்தால் இறங்கிப் போய் அவனிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை முடிவெட்டுகிறவர் காதோரம் கீறிவிட்டார். ரத்தம் வழிய வழிய "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவர் இந்த மனுஷர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது.

நான் வடக்கே இரும்புச் சுரங்கத்து ஊர்க்காரி. சிஷோமில் பிறந்தவள், பெயர் ரோசான் டெபெவெக். எங்கள் பக்கம் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து பியர் குடிப்போம். மினியாபொலிசுக்கு மேற்கே இந்த ஏரிக்கரை ஊர்களில் அப்படிக் கிடையாது. நார்வே வம்சம், சுவீடன் வம்சம், எல்லாம் சர்ச் ஜனங்கள். இங்கே யாரும் யாரையும் மறுத்துப் பேச மாட்டார்கள். "அப்படியும் செய்யலாம்" என்றால் செய்யக்கூடாது என்று அர்த்தம் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு யாராவது ஒரு தட்டு எலுமிச்சை கேக் கொண்டுவருவார்கள். கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொள்வார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால் தட்டில் நகத்தளவு ஒரு துணுக்கு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கடைசித் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டேன். அறையே மூச்சை இழுத்துப் பிடித்தது.

அந்தக் கேக் தட்டுப் பழக்கம்தான் எங்களைக் கொலைகாரர்கள் ஆக்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் செய்தது குடை. பேப்பரில் அதற்கு நீளமான பெயர் உண்டு, எங்களுக்குள் குடைதான். இதயத்தின் இடது மேலறையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பை இருக்கிறது, கட்டைவிரல் நீளம். எதற்கு இருக்கிறது என்று கேட்டால் டாக்டர்களே தோளைக் குலுக்குவார்கள். வயதானவர்களுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்தால் இந்தப் பையில் ரத்தம் தேங்கிக் கட்டி ஆகும். கட்டி கழன்று மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டு. ஆனால் சிலருக்கு அந்த மாத்திரை தின்றால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். அவர்களுக்காகத்தான் குடை. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயில் மடக்கி அனுப்பினால், அது பையின் வாயில் போய் விரிந்து நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற உலோகக் கம்பி, அதன்மேல் வலைத்துணி, சுற்றி வர கொக்கிகள். அந்தக் கொக்கிதான் பிடிமானம். கொக்கி விட்டால் குடை இதயத்துக்குள் மிதக்கும். பிறகு ஆள் பிழைப்பது கடவுள் செயல்.

அதை வரைந்தவர் ஆரின். ஸ்டார்பக் என்ற சின்ன ஊர்ப் பக்கத்தில் பால்பண்ணைக்காரர் வீட்டு மூன்றாவது பிள்ளை. படித்து முடித்ததும் முதலில் பார்த்த வேலை, கறவை இயந்திரத்தில் மாட்டுக் காம்பைப் பிடிக்கிற ரப்பர் குழல் செய்வது. பன்னிரண்டு வருஷம் அதைத்தான் செய்தார். அங்கிருந்து இதயத்துக்கு வந்தார். "ரெண்டும் ஒண்ணுதான். உள்ள இருக்கிறது உயிர். வலிக்காமப் பிடிக்கணும், விடாமயும் பிடிக்கணும்" என்பார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான்.

அவர் மனைவி லவோன் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷம் பாடியவர். எலுமிச்சை கேக் என்றால் லவோன் கேக்தான், மற்றதெல்லாம் வெறும் மாவு. குடை வேலை தொடங்கி இரண்டு வருஷம் ஆனபோது, 2003 மார்ச்சில், அவருக்கே பக்கவாதம் வந்தது. இதயம் தாறுமாறாகத் துடித்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை: "இல்ல."

காபி வேணுமா என்றால் சிரித்துக்கொண்டே "இல்ல" என்பார், வேணும் என்று அர்த்தம். மழை வருகிறது என்று ஜன்னலைக் காட்டி "இல்ல, இல்ல" என்பார். ஆச்சரியம் என்னவென்றால், சர்ச்சில் பாட ஆரம்பித்தால் வார்த்தைகள் ஒன்று விடாமல் வந்துவிடும். பாட்டு முடிந்ததும் மறுபடி "இல்ல"தான். வாழ்நாளில் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லாத ஒரு பெண்ணுக்கு விதி விட்டுவைத்த வார்த்தையைப் பாருங்கள்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அக்டோபரில் வயிற்றில் ரத்தம் கசிந்து சாகக் கிடந்தார். மாத்திரையை நிறுத்தினார்கள். அப்புறம் அவருக்கு இருந்த ஒரே வழி நாங்கள் செய்துகொண்டிருந்த குடைதான். முதல் பத்துப் பேருக்குப் பொருத்திக் காட்டிய பிறகே மற்றவர்களுக்கு அனுமதி. கம்பெனி ஆட்களின் வீட்டார் அந்தப் பத்தில் வரக்கூடாது. ஜனவரிக் கடைசியில் முதல் ஆளுக்குப் பொருத்தினால் ஜூனில் லவோனுக்குக் கிடைக்கும் என்று ஆரின் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மேஜை இழுப்பறையில் ஒரு சின்ன ஜாம் பாட்டிலுக்குள் இருபத்தொன்றாம் நம்பர் குடை ஒன்று வைத்திருந்தார். குடையின் நம்பர் என்பது அதன் அகலம், மில்லிமீட்டரில்; லவோனுடைய பையின் வாய் அந்த அளவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனி ஞாயிறுகளில் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டுவாராம். அவர் இடது உள்ளங்கையில் வைத்துப் பார்த்து "இல்ல, இல்ல" என்று சிரிப்பாராம்.

இப்போது கொக்கி விவகாரம். ஆரின் முதலில் வரைந்தது இரண்டு மில்லிமீட்டர் கொக்கி. எங்களுக்கு ஆலோசகராக வந்த இதய டாக்டர் நைகார்ட், பையின் சுவர் மெல்லிசு, குத்திக் கிழித்துவிடும், ஒரு மில்லிமீட்டர் போதும் என்றார். "போதும்" என்றுகூடச் சொல்லவில்லை. "ஒண்ணாக்கூட யோசிக்கலாமோ என்னவோ" என்றார். ஆரின் "அதுவும் சரிதான்" என்றார். எங்கள் தலைவர் கர்ட் லிண்ட்வால், பாதிரியார் மகன், குரல் உயர்த்தியே அறியாதவர், "அப்ப நடுவுல ஒண்ணரை வெச்சுக்கலாமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் டாக்டர் மறுபடி லேசாக முகம் சுளித்தார். ஒன்றேகால் ஆயிற்று. அதற்கடுத்த மாதம் ஒன்று புள்ளி ஒன்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஒரு குரல் உயரவில்லை, ஒரு கதவு அறைந்து சாத்தப்படவில்லை. கேக் மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். இழுத்துப் பார்க்கிற வேலை என்னுடையது. கசாப்புக் கூடத்திலிருந்து கன்றுக்குட்டி இதயம் வரும். பையின் வாயை அளந்து, ஒரு சுற்று பெரிய குடையாகப் பொருத்தி, நூல் கட்டி இயந்திரத்தில் இழுப்பேன். இருநூறு கிராம் இழுவை தாங்கினால் பாஸ். ஒன்று புள்ளி ஒன்றும் பாஸ் ஆயிற்று. ஒவ்வொரு காகிதத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. ஊரையெல்லாம் வாயால் வெளுக்கிறவளுக்குத் தன் மேஜையில் கிடந்தது கண்ணில் படவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம்: எல்லோரும் கையெழுத்துப் போட்டால் முதல் ஆளுக்குத் தேதி குறித்துவிடலாம். ஆரின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு வந்து ஒரு நோட்டை விரித்தார்.

"ரோசான், இதைக் கொஞ்சம் பாரேன். லவோனோட பை. அக்டோபர்ல ஆஸ்பத்திரில இருந்தப்ப இருபத்தொண்ணு மில்லிமீட்டர். போன வாரம் ஸ்கேன் எடுத்தப்ப பதினெட்டு."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"அதே மெஷின். அதே டாக்டர்."

"அப்ப எப்படிச் சுருங்கும்?"

"அக்டோபர்ல கையில டிரிப் ஏறிட்டிருந்துச்சு. போன வாரம் தொண்டைக்குள்ள குழாய் விடணும்னு முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து பச்சைத்தண்ணி கொடுக்கல." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "கறந்த மடியும் கறக்காத மடியும் ஒரே அளவா இருக்குமா, ரோசான்?"

கசாப்புக் கூடத்திலிருந்து வருகிற இதயம் காலியாகத் தொங்கிப்போய் வருகிறது. நான் அளந்ததெல்லாம் கறந்த மடி. ஆபரேஷனுக்கு வருகிற எல்லோரும் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். டாக்டரும் கறந்த மடியைத்தான் அளப்பார். பதினெட்டு என்று அளந்து இருபத்தொன்றைப் பொருத்துவார். பொருத்திக்கொண்டவர் வீட்டுக்குப் போய் சூப் குடித்து, தண்ணீர் குடித்து, பை இருபத்தொன்று ஆகும். இருபத்தொன்றுக்குள் இருபத்தொன்று. தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர எங்கே பிடிக்கும்? கொக்கி நீளமாக இருந்தாலாவது பற்றும். எங்கள் கொக்கியைத்தான் மரியாதை தின்றுவிட்டதே.

"அடப்பாவிகளா," என்றேன். "நம்மளைச் சொல்றேன்."

செவ்வாயும் புதனும் வேறு வேலையே பார்க்கவில்லை. பதினோரு கன்று இதயம் வரவழைத்தோம். காலியாக அளந்து குடை பொருத்திவிட்டு, ரத்தக்குழாய்களைக் கவ்விப் பிடித்து, வெதுவெதுப்பான உப்புநீரை உயரத்தில் தொங்கவிட்டு உள்ளே விட்டோம். முதல் இதயம் பதினெட்டு இருந்தது. ஆரின் இழுப்பறையைத் திறந்து அந்த ஜாம் பாட்டிலை எடுத்தார்.

"அது லவோனோடதுல்ல?"

"அதனாலதான்."

தண்ணீர் ஏறியது. பை உப்பியது. நான் நூலைத் தொடக்கூட இல்லை. குடை தானாக ஒரு பக்கம் சாய்ந்து, வழுக்கி வெளியே வந்து, கீழே இருந்த தொட்டியின் அடியில் போய்க் கிடந்தது. ஆரின் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இடுக்கியால் எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடி பாட்டிலில் போட்டார்.

பதினொன்றில் நான்கு விழுந்தன. அடுத்து, நிரப்பி அளந்து சரியான அளவு போட்டுப் பார்த்தோம். அதிலும் ஒன்று விழுந்தது.

"கர்ட்கிட்ட இப்பவே போய்ச் சொல்லு," என்றேன்.

போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்ன?"

"கொக்கியை இன்னொரு தடவை பாத்தா நல்லதோன்னு தோணுதுன்னு சொன்னேன்."

"அதுக்கு அவர்?"

"நல்ல யோசனை, கவனத்துல வெச்சுக்கலாம்னார்."

"ஆரின்! தொட்டியில விழுந்துச்சுன்னு சொன்னியா இல்லையா?"

"அவர் அந்த டாக்டரோட போன்ல இருந்தார். நடுவுல எப்படி..."

"ஆளு செத்ததுக்கப்புறம் சொல்லலாம்னு இருக்கியா? பொட்டிக்கு மேல பூ வெக்கும்போது 'கொஞ்சம் பாத்திருக்கலாமோன்னு தோணுது'ன்னு சொல்லுவியா?"

அறைந்த மாதிரி முகம் சிவந்தது அவருக்கு. எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை நான் திருப்பி எடுக்கவில்லை.

"நாளைக்கு சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வா," என்றார். "லவோனைக் கேட்கணும்."

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்குப் போனேன். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அடுப்பில் சுட்டிருந்தார். ஆரின் சமையல், உப்பே இல்லை. நான் சொன்னேன். லவோன் "இல்ல!" என்று வாய்விட்டுச் சிரித்தார். சாப்பிட்டு முடித்ததும் ஆரின் ஜாம் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்து மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னார். மெதுவாக, ஒன்று விடாமல்.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டா ஜூன் மாசம் உனக்குக் கிடைச்சுடும். டாக்டர் காதுல ஒரு வார்த்தை போட்டா உன்னை நிரப்பி அளந்து இருபத்துநாலு வெச்சுடுவார். பதினொண்ணுல பத்து நிக்குது. சந்தையில மாடு வாங்கினாக்கூட இவ்வளவு நல்ல வாய்ப்பு கிடைக்காது. போடலேன்னா எல்லாத்தையும் திரும்ப வரையணும். ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள உனக்கு..." நிறுத்தினார். "டாக்டர் என்ன சொன்னார்னு உனக்கும் தெரியும்."

இன்னொரு வருஷம் இப்படியே விட்டால் மறுபடி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

லவோன் அவரையே பார்த்தார். "இல்ல," என்றார்.

"போட வேணாங்கிறியா? இல்ல, உனக்குச் சீக்கிரம் வேணுங்கிறியா?"

"இல்ல."

ஆரின் என்னைப் பார்த்தார். லவோனுக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையால் ஜாம் பாட்டிலைப் பிடித்து மேஜைமேல் தள்ளினார். உப்புக்குப்பியைத் தாண்டி, தட்டைத் தாண்டி, என் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, என் கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினார். கொண்டுபோ, எனக்கு இது வேண்டாம் என்று அர்த்தம். பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. கர்ட் கையெழுத்துத் தாளைச் சுற்றுக்கு விட்டார். டாக்டர் நைகார்ட் போட்டார். தரம் பார்க்கிறவர் போட்டார். தாள் ஆரினிடம் வந்தது.

"ஆரின், உங்களுக்கு எல்லாம் திருப்திதானே?" என்றார் கர்ட். பதிலுக்குக் காத்திருக்கக்கூட இல்லை, அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார். ஆரின் என்ன சொல்வார் என்பது அந்த அறைக்கே மனப்பாடம்.

"இல்ல," என்றார் ஆரின்.

கர்ட் நிமிர்ந்தார். "என்ன இல்ல?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது விழுந்துடும். பதினொண்ணுல நாலு விழுந்துச்சு. ரோசானும் நானும் கண்ணால பாத்தோம்." எழுந்து நின்றார். பேனாவை மூடித் தாளின்மேல் வைத்தார். "இதை யாருக்காவது பொருத்தினா நாம ஒரு ஆளைக் கொன்னதா ஆகும்."

டாக்டர் நைகார்டின் கழுத்துவரை சிவந்தது.

"என் கொக்கி நீளத்தாலன்னு சொல்றீங்களா?"

"ஆமாம். என்னாலயும்தான். ரெண்டு மில்லிமீட்டர் வேணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே மாசா மாசம் தலையாட்டினேன்."

"உங்களுக்கு என்னய்யா தெரியும்?" டாக்டர் மேஜையில் அறைந்தார். அந்தக் கட்டடத்தில் யாரும் மேஜையை அறைந்து நான் பார்த்ததில்லை. "வேற ஒரு கருவி, கூரா இருந்துச்சு. செவுரு கிழிஞ்சு ஒரு பொம்பளை என் கைக்குள்ளயே செத்துப்போச்சு. நாப்பத்தொம்பது வயசு. அந்த ரத்தத்தை நீங்களா துடைச்சீங்க?"

இரண்டு வருஷமாக அந்த மனுஷர் ஏன் முகம் சுளித்தார் என்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆரின் மெதுவாக உட்கார்ந்தார்.

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

"நீங்களும் விழும்னு மொத நாளே சொல்லியிருக்கலாமே!"

பிறகு இரண்டு மணிநேரம் சண்டை. நான் பிறந்த ஊர் மாதிரி இருந்தது. கர்ட்கூட ஒருமுறை கத்தினார், கத்திவிட்டு அவரே பயந்துபோனார். பதினொரு மணிக்குக் கரும்பலகையில் ஒரு படம் இருந்தது. கொக்கி இரண்டு மில்லிமீட்டர், குறைப்பது இல்லை. ஆனால் நெட்டுக்குத்தலாக இல்லாமல் படுத்தாற்போல் பின்னோக்கிச் சாய்ந்து. ஒரு வரிசைக்குப் பதில் இரண்டு வரிசை. பிடிக்கும், குத்தாது. இரண்டு பேர் சொன்னதும் சரி. இதே சண்டையை முதல் மாதமே போட்டிருந்தால் லவோனுக்கு அந்தக் கிறிஸ்துமசுக்கே குடை கிடைத்திருக்கும். இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆரின் சொன்ன அந்த ஒரு வார்த்தையால், எல்லாவற்றையும் திரும்ப வரைந்து சோதித்து முடிக்கப் பதிமூன்று மாதம் பிடித்தது. முதலீட்டாளர்களில் பாதிப் பேர் போனார்கள். எங்களில் பதினான்கு பேருக்கு வேலை போயிற்று. வாசலில் ஆரினைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவர்கள் உண்டு. இங்கே அதுதான் உச்சபட்ச வசவு. அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லவோன் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தார். இரண்டாம் சரணத்தில் வார்த்தை நின்றது. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தில் வரியைக் காட்டினாராம், மறந்துவிட்டார் என்று நினைத்து. புதன்கிழமை இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, காபி, எலுமிச்சை கேக். கேக்கில் கடைசித் துண்டு மிஞ்சியது. யாரோ கத்தியை எடுத்து அதைப் பாதியாக்கப் போனார்கள். ஆரின் போய்த் தட்டோடு எடுத்துக்கொண்டார். நின்றபடியே முழுத் துண்டையும் தின்றார்.

"லவோன் கேக் மாதிரி இல்ல," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. கேக் செய்த அம்மாள் "இல்லதான்" என்று சொல்லி அழ ஆரம்பித்தார்.

வெளியே வந்ததும் நான் கேட்டேவிட்டேன். கேட்காமல் இருக்க எனக்குத் தெரியாது. "வருத்தப்படுறியா, ஆரின்?"

"தினமும் காலையில வருத்தப்படறேன்," என்றார். "கண்ணைத் தொறந்ததும் அதுதான். ஆனா திரும்ப அதே தாளைக் கொடுத்தாலும் போட மாட்டேன்."

அடுத்த பிப்ரவரியில் முதல் ஆளுக்குப் பொருத்தினார்கள். எழுபத்துநான்கு வயது அம்மாள், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர். பெயர் எங்களுக்குச் சொல்லக்கூடாது, நம்பர் மட்டும்தான். டாக்டர் நைகார்ட் செய்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கர்ட், ஆரின், நான். முதலில் அளந்தபோது பதினேழு. அரை லிட்டர் உப்புநீர் ஏற்றி மறுபடி அளந்தார்கள், இருபது. அளப்பதற்கு முன்னால் நிரப்ப வேண்டும் என்ற வரி எங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, ஆரின் எழுதியது. இருபத்துநான்காம் நம்பர் குடை உள்ளே போய் விரிந்தது. குழாயிலிருந்து அதைக் கழற்றி விடுவதற்கு முன்னால் டாக்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தோம், இழுத்தார், நின்றது.

ஆரின் மைக்கின் பொத்தானை அழுத்தினார். "இன்னும் பலமா இழுங்க, டாக்டர்."

கர்ட் அவரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் இழுத்தார். இதயமே சேர்ந்து நகர்ந்தது. குடை அசையவில்லை.

"போதுமா?" என்றார் டாக்டர்.

"இல்ல. இன்னொரு தடவை."

மறுபடி இழுத்தார். மறுபடி நின்றது. "சரி," என்றார் ஆரின், "விட்டுடுங்க."

மதியம் வெளியே வந்தோம். மூக்குநுனி உறைகிற குளிர். ஆரின் தன் வண்டியைக் கிளப்பிச் சூடேறக் காத்திருந்தார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். என் கோட்டுப் பையில் அந்த ஜாம் பாட்டில் இருந்தது. ஒரு வருஷமாக அங்கேயே கிடந்தது, வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எடுத்து நீட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன யோசிக்கிற?" என்றேன்.

"அந்த அம்மாவுக்குச் சாயங்காலம் மயக்கம் தெளிஞ்சிடும்," என்றார். "யாருக்காவது போன் போட்டுப் பேசுவாங்க. மகளோ, தங்கச்சியோ. ஆஸ்பத்திரிச் சாப்பாடு நல்லா இல்லன்னு அரைமணி நேரம் பேசுவாங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதார். இந்த ஏரிக்கரை ஜனங்களில் ஓர் ஆண் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு வண்டி சூடேறும்வரை உட்கார்ந்திருந்தேன்.